ஜலீலா காவலிருந்த பெட்டி

ஜலீலாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. அது எனக்கே தெரியும். ஆனாலும் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது, ஏனென்றால் இரண்டு வருஷமாக அவளைத் தவிர வேறொருவரையும் நான் கவனித்துப் பார்த்ததில்லை. காலையில் கோப்பாயிலிருந்து சைக்கிள் மிதிக்கும்போதே, இன்றைக்கு அவள் எத்தனை கோவை, அதாவது ஃபைல், முடிப்பாள், மேலதிகாரி பஞ்சலிங்கத்தார் அவளை எத்தனை தரம் கூப்பிடுவார் என்றுதான் மனம் ஓடும். கலியாணம் பேசிய மாப்பிள்ளையைக்கூட நான் அவ்வளவு நினைத்ததில்லை.

1988 ஆவணியில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் வழங்கற் பிரிவு அது. திருநெல்வேலியில் ஒரு வாடகை வீட்டில் இயங்கியது. திணைக்களத்துக்குச் சீமெந்து வேண்டுமா, மரம் வேண்டுமா, கதிரை வேண்டுமா, வியாபாரிகளிடம் விலை கேட்டு அறிவித்தல் போடுவது, வருகிற விலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது, யாரிடம் வாங்குவது என்று மேலிடத்துக்கு எழுதுவது, இதுதான் எங்கள் வேலை. நாங்கள் பயிலுநர் எழுதுவினைஞர்கள், பயிற்சியில் இருக்கிற கிளாக்குகள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நிரந்தரமாக்குவார்கள் என்றார்கள். பிறகுதான் தெரிந்தது, இருக்கிற நிரந்தர இடம் ஒன்றே ஒன்று என்று. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள்.

அவளுக்கு என்னைவிட நாலு வயது குறைவு. யாழ்ப்பாணம் டவுனில் சோனகத் தெருப் பக்கம் வீடு. தகப்பன் அபூபக்கர் தையல்காரர். ஒவ்வொரு நாளும் சைக்கிள் கரியரில் மகளை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டு, அவள் உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். எனக்கு அப்பா இல்லை. இதிலும் எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன்.

முதல் அடி விழுந்தது மண்வெட்டியில். இருநூறு மண்வெட்டி வாங்க வேண்டும். ஏழு வியாபாரிகள் விலை போட்டிருந்தார்கள். ஒப்பீட்டுத் தாளை நான்தான் தயாரித்தேன். அழகாகக் கோடு கீறி, ஆகக் குறைந்த விலையை சிவப்பில் வட்டமிட்டு, பிரதம எழுதுவினைஞர் பஞ்சலிங்கத்தாரின் மேசையில் வைத்தேன். அவர் ஒப்பமிடப் பேனையை எடுக்க, பக்கத்தில் வேறு கோவையோடு நின்ற ஜலீலா மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, உந்த விலையிலை பிடி இல்லை."

"என்ன பிடி?"

"மண்வெட்டிக்குப் பிடி, ஐயா. மற்ற ஆறு பேரும் பிடியோடை எண்டு எழுதியிருக்கினம். இவர் தகடு மட்டும்தான் எழுதியிருக்கிறார். பிடியை வேறையா வாங்கினா இதுதான் ஆகக் கூடின விலை."

பஞ்சலிங்கத்தார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "குணலட்சுமி, வெறுந்தகட்டாலை வேலைக்காரர் என்னெண்டு பிள்ளை கொத்துறது?" என்றார். அலுவலகமே சிரித்தது. ஜலீலா சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கவாவது ஒரு சாட்டு இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எல்லாம் ஜலீலாதான். "ஜலீலா ஒருக்கால் பாத்திட்டாவோ?" என்று கேட்காமல் அவர் எதிலும் கையெழுத்து வைப்பதில்லை. வியாபாரிகள் என் மேசையைக் கடந்து அவள் மேசைக்குப் போனார்கள். அவள் வீட்டுக்குப் போகிற வழியில் சந்தைக்குள் புகுந்து, ஆணி என்ன விலை, கயிறு என்ன விலை என்று விசாரித்து ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்திருப்பாள். அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. நான் ஒருநாள் அவளுடைய அடிமட்டத்தை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் போட்டேன். அவள் கோவை மட்டையின் விளிம்பை வைத்துக் கோடு கீறினாள். அதுவும் நேராகத்தான் வந்தது. எனக்கு விசர் பிடிக்காத குறை.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். டெண்டர் பெட்டி என்பது தபாற்பெட்டி மாதிரி மேலே வாய் வைத்த ஒரு பலகைப் பெட்டி. இரண்டு பூட்டு. ஒரு திறப்பு பஞ்சலிங்கத்தாரிடம், மற்றது பொறியியலாளரிடம். பொறியியலாளர் வெள்ளிக்கிழமையில் மட்டும்தான் எங்கள் கந்தோருக்கு வருவார். ஆகவே டெண்டர் எல்லாம் வெள்ளிக்கிழமைதான் முடியும். காலை பத்தரைக்கு மூடி, வியாபாரிகள் முன்னிலையில் உடனே திறந்து, விலைகளை உரத்து வாசிக்க வேண்டும். சட்டம் அப்படி.

ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இராகு காலம். பஞ்சலிங்கத்தார் அந்த நேரத்தில் எந்தப் பூட்டுக்குள்ளும் திறப்பை விடமாட்டார். விபூதிப் பூச்சோடு கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பொறியியலாளருக்கும் அது வசதிதான், தேத்தண்ணி குடித்துப் பேப்பர் பார்ப்பார். வியாபாரிகளும் பெரும்பாலும் அதே ஆட்கள், தங்கள் விலை இராகு காலத்தில் வாசிக்கப்படுவதை அவர்களும் விரும்பவில்லை. பன்னிரண்டு ஐந்துக்குப் பெட்டி திறக்கப்படும். பதிவேட்டில் மட்டும் பத்து முப்பத்தைந்து என்று எழுதுவோம். பத்து மணிக்கே மூடினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கொழும்பிலிருந்து வந்த படிவத்தில் பத்தரை என்று அச்சடித்திருந்தது. அச்சை மாற்றவும் அங்கே ஒருவருக்கும் துணிவில்லை, இராகுவை மாற்றவும் துணிவில்லை.

இடையில் அந்த ஒன்றரை மணித்தியாலம் பெட்டி சும்மா இருக்கும். அதன் வாயில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டால் அலுவல் முடிந்தது. ஆனால் ஒட்டினால் பெட்டி காத்திருந்தது என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே காகிதத்துக்குப் பதிலாக ஓர் ஆள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, பஞ்சலிங்கத்தார் ஜலீலாவை இருத்தினார்.

"உமக்கு இராகு காலம் இல்லைத்தானே பிள்ளை" என்றார்.

சும்மா ஒரு கதிரை. ஆனால் கந்தோரில் எல்லோருக்கும் தெரியும், அந்தக் கதிரையில் இருப்பவளுக்குத்தான் நிரந்தர இடம் என்று. எனக்கும் இராகு காலம் இல்லாமல் இருந்திருக்கலாமே என்று அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதன்முதலாக நினைத்தேன்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் நின்றது. இடம்பெயர்ந்து வந்த சனம் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் நிறைந்திருந்தது. மாரிக்கு முன்னம் கொட்டில்கள் போட கூரை வேய இருபதினாயிரம் தென்னோலைக் கிடுகு வேண்டும் என்று கேட்டார்கள். டெண்டர் ஒக்டோபர் ஐந்தாம் திகதி வெள்ளிக்கிழமை.

பத்தரைக்கு ஜலீலா பெட்டிக்குள் விழுந்த உறைகள் நாலு என்று ஒரு துண்டில் எழுதி, வந்திருந்த வியாபாரிகளிடம் ஒப்பம் வாங்கினாள். அப்படி ஒரு துண்டு எழுதச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. அதுவும் அவளின் சொந்தக் கெட்டித்தனம். வியாபாரிகள் வெளியே மாமரத்தடிக்குப் போனார்கள். பஞ்சலிங்கத்தார் கண்ணை மூடினார்.

பத்து ஐம்பதுக்கு அபூபக்கர் வாசலில் வந்து நின்றார். அந்த நேரத்தில் அவர் வருவதே இல்லை. அவருடைய சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. டவுன் பக்கம் விடியற்காலை ஷெல் விழுந்தது எங்களுக்கும் கேட்டிருந்தது. ஜலீலா எழும்பி என் மேசைக்கு வந்தாள்.

"குணமக்கா, ஒரு பத்து நிமிசம் பெட்டியைப் பாருங்கோ. வாப்பா வந்து நிக்கிறார். உம்மாவுக்கு என்னவோ தெரியேல்லை."

"ஓம், போட்டு வா" என்றேன்.

நான் போய் அந்தக் கதிரையில் இருந்தேன். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட கதிரை. வாசலில் தகப்பனும் மகளும் கதைப்பது தெரிந்தது. அப்போது பின் வழியால் கிறகோரி வந்தார். கிடுகும் கூரைக்குப் பனஞ்சலாகையும் விற்கிற மனிதர். கையில் அரக்கு வைத்த உறை.

"இன்னும் திறக்கேல்லைத்தானே தங்கச்சி?" என்று கேட்டார். "பன்னிரண்டுக்குத்தானே இஞ்சை திறக்கிறவை."

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு சொல். மூடியாச்சு. அவ்வளவுதான். கிறகோரி பேசாமல் திரும்பிப் போயிருப்பார். நான் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கும் சாட்டில் எழும்பிக் குசினிப் பக்கம் போனேன். போகும்போது எனக்கு நன்றாகத் தெரியும், திரும்பி வரும்போது பெட்டிக்குள் ஐந்து உறை இருக்கும், துண்டில் நாலு என்று இருக்கும், அந்தத் துண்டின் கீழே ஜலீலாவின் பெயர் இருக்கும். குசினியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. நான் திரும்பி வந்து சிறிது நேரத்தில் ஜலீலாவும் வந்துவிட்டாள். தாய்க்கு ஒன்றுமில்லை, கூரைதான் போய்விட்டது என்றாள். எனக்கு நன்றி சொல்லிக் கதிரையில் இருந்தாள்.

பன்னிரண்டு ஐந்துக்குப் பெட்டி திறந்தது. ஐந்து உறை. ஐந்தாவது கிறகோரியுடையது, அதில்தான் ஆகக் குறைந்த விலை. மற்ற நாலு பேரும் துண்டைக் காட்டி நியாயம் கேட்டார்கள். பொறியியலாளர் பேப்பரை மடித்து வைத்தார். பஞ்சலிங்கத்தாரின் முகம் கறுத்துப் போயிற்று.

"பிள்ளை, கதிரையை விட்டு எழும்பினனீரோ?"

"ஓம் ஐயா. பத்து நிமிசம்."

"அப்ப ஆர் இருந்தது?"

ஜலீலா என்னைப் பார்த்தாள். நான் கோவைக்குள் குனிந்தேன். அதற்குள் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

"ஒருத்தரும் இருக்கேல்லை, ஐயா" என்றாள்.

எனக்கு அப்போது வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இவள் யார் எனக்குத் தானம் செய்ய என்ற கோபம். கெட்டித்தனத்தில் முந்தினாள், சரி. இதிலும் முந்துகிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது.

டெண்டரை இரத்துச் செய்து திரும்பக் கேட்டதில் பதினாலு நாள் போயிற்று. அதற்குள் முதல் மழை வந்துவிட்டது. ஜலீலாமீது நவம்பர் முதலாம் திகதி விசாரணை என்று கடிதம் கொடுத்தார்கள். அவளைப் பதிவேட்டு மேசைக்கு மாற்றி, பெட்டிப் பக்கம் என்னைப் போட்டார்கள். விசாரணையில் உண்மையைச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சொன்னால் இடம் அவளுக்கு. வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் என் சம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு காரணம் கையில் இருந்தது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று சொல்லி வேலையில்லை.

ஒக்டோபர் இருபத்தொன்பது, திங்கட்கிழமை. வேலை முடிந்து போகும்போது நானே போய்க் கேட்டேன்.

"ஏன் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீ?"

"வேறை என்னத்தைச் சொல்ல, அக்கா? கதிரை என்ரை. எழும்பினது நான்."

"நான் தண்ணி குடிக்கப் போனனான்" என்றேன்.

அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "தெரியும். தண்ணிக் கூசா உங்கடை மேசையிலைதானே இருந்தது" என்றாள். குரலில் குத்தல் இல்லை. கோவையில் பிழை காட்டுவது மாதிரித்தான் சொன்னாள். பிறகு தகப்பனின் சைக்கிளில் ஏறிப் போனாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொல்லி, ஊரைக் கையில் வைத்திருந்த ஆயுத இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். உடுத்த உடுப்போடு, கையில் கொண்டுபோக விட்ட சில்லறையோடு, குழந்தை குட்டி கிழடு எல்லாம் போயிற்று. புதன்கிழமை கந்தோரில் அவளின் கதிரை காலி. பஞ்சலிங்கத்தார் இரண்டு தரம் வாயெடுத்து "ஜலீலா" என்று கூப்பிடப் போய், இருமி, வேறு பெயர் சொன்னார்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். நான் கணக்குப் பார்த்தேன். இனி விசாரணையில் நான் எதையும் சொல்லத் தேவையில்லை என்று. அவள் தொலைய வேண்டும் என்று எத்தனையோ தரம் மனதுக்குள் சொன்னவள் நான். இப்படி அல்ல என்று இப்போது சொல்லலாம். அப்போது எப்படியாவது என்றுதான் சொன்னேன்.

வியாழக்கிழமை விசாரணை நடந்தது. ஆமாம், நடத்தினார்கள். திகதி குறித்தாயிற்று, கோவை முடிய வேண்டும். பொறியியலாளர் "ஜலீலா அபூபக்கர் வந்திருக்கிறாவோ?" என்று கேட்டார். பஞ்சலிங்கத்தார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "வரேல்லை, சேர்" என்றார். குறிப்பு எழுத என்னைத்தான் இருத்தியிருந்தார்கள். 'காவலை விட்டு எழும்பியதை ஒப்புக்கொண்டுள்ளார். விசாரணைக்குச் சமுகமளிக்கவில்லை. நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கப்படவில்லை.' எழுதியது என் கை. மார்கழியில் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

1991 சித்திரையில், மூன்று மாதம் எங்கெங்கோ அலைந்து, புத்தளத்திலிருந்து எங்கள் திணைக்களக் கிளையின் கடிதம் ஒன்று வந்து சேர்ந்தது. ஜலீலா அபூபக்கர் என்பவர் அங்கே அகதி முகாமில் இருக்கிறார், வேலை கேட்டிருக்கிறார், அவருடைய தனிப்பட்ட கோவையை அனுப்பவும், பாதகமான குறிப்பு ஏதும் இல்லாவிட்டால் நிரந்தர இடம் கொடுக்கலாம். அதோடு எனக்கு ஒரு சின்னத் துண்டு, அவளின் கையெழுத்தில்.

'குணமக்காவுக்கு, நாங்கள் சுகம். வாப்பாவுக்கு மட்டும் நடக்க ஏலாது. மணல், சலாகை விலை விசாரித்த துண்டுகளை என் மேசையின் இடப்பக்க லாச்சியில் விட்டு வந்துவிட்டேன், கோவையில் சேர்த்து விடுங்கோ, இல்லாவிட்டால் கணக்காய்வில் கேட்பார்கள். என் கோவையில் என்ன இருக்கிறதோ அதை அனுப்பட்டும். நீங்கள் ஒன்றுக்கும் பயப்பிட வேண்டாம்.'

வீடில்லை, வாசலில்லை, ஓலைக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு லாச்சிக்குள் கிடக்கிற துண்டைப் பற்றி எழுதுகிறாள். என்னைப் பயப்பிட வேண்டாம் என்கிறாள். எனக்குக் கண்ணீர் வந்தது என்று எழுதினால் நன்றாயிருக்கும். வயிறுதான் பற்றி எரிந்தது. இவளுக்கு நான் காலம் முழுக்கக் கடமைப்பட்டவளாய், அவள் மேலேயும் நான் கீழேயுமாய் இருக்க வேண்டுமா? என்னால் முடியாது. அன்றைக்கே ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். பத்தரைக்குத் திறக்க வேண்டிய பெட்டி பன்னிரண்டு ஐந்துக்குத் திறக்கப்பட்டது. பத்தரைக்குத் திறந்திருந்தால் காவலே தேவையில்லை. ஜலீலா எழும்பிப் போகும்போது என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். கிறகோரியின் உறை விழுந்தது என் பொறுப்பில், நான் தெரிந்தே எழும்பிப் போனேன்.

பஞ்சலிங்கத்தார் அதை இரண்டு தரம் வாசித்தார். அவருக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது.

"இதிலை பன்னிரண்டு ஐந்து எண்டு எழுதியிருக்கிறீர்."

"ஓம், ஐயா."

"அந்த நேரத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பலாமே, பிள்ளை?"

"எடுத்தா அவ எழும்பினது பிழையாத்தான் நிக்கும், ஐயா. பெட்டி அந்த நேரம் பூட்டிக் கிடந்தபடியாலைதான் எல்லாம்."

"உம்மடை இடமும் போகும். என்ரை பென்சனிலையும் கை வைப்பினம்."

"அவ உங்களையும் காட்டிக் குடுக்கேல்லை" என்றேன்.

அவர் மூன்று நாள் அந்தத் தாளை மேசையில் வைத்திருந்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார். தாளின் அடியில், 'மேற்படி நேரம் சரி. தாமதம் என்னுடைய பணிப்பின்படி' என்று தன் கையால் எழுதி ஒப்பமிட்டிருந்தார். "அனுப்பும்" என்றார்.

அவருடைய ஓய்வூதியத்தை ஒன்றரை வருஷம் இழுத்தடித்தார்கள். என்னைத் திரும்பப் பயிலுநராக்கி, தபால் பதிகிற மேசைக்கு அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு ஆறு கடிதம் பதிவது பெரிய வேலை, தபால் கொண்டுவரும் கப்பல் வந்தால் பத்து. கந்தோரில் என்னோடு கதைப்பதைப் பலர் விட்டுவிட்டார்கள். நான் செய்த கெடுதலுக்காக அல்ல, அதைச் சொல்லி ஐயாவை மாட்டிவிட்டதற்காக.

1992 மாசியில் புத்தளத்திலிருந்து ஒரு கடிதத்தின் பிரதி வந்தது. உறையைப் பிரித்துப் பதிந்தது நான்தான். ஜலீலா அபூபக்கர் நிரந்தரமாக்கப்பட்டுள்ளார், 1990 ஆவணியிலிருந்து செல்லுபடியாகும் வகையில். டெண்டர் மேசை. அப்படியானால் பதவி மூப்பில் அவள் எனக்கு எவ்வளவோ மேலே. நான் திரும்ப நிரந்தரமானாலும் இனி எட்டிப் பிடிக்க முடியாது.

பிரதியில் முத்திரை குத்தினேன். ஊர் போய், வீடு போய், தகப்பனின் காலும் போய், அந்தப் பெண்ணிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு கடிதம். அதையும் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.